குமரியின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: எண்ணெய் கரையேறும் முன் சட்டம் வேண்டும்

கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் தொகுதிகளின் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. சில நாட்களிலேயே அதிலிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குருணைகள் நம் மாவட்டக் கரையில் ஒதுங்கத் தொடங்கின. அந்தக் கப்பலின் தொட்டிகளில் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் (கனமான எரிஎண்ணெய்) 84 டன் டீசலும் இருந்ததை அரசுகளே அறிவித்திருந்தன. குருணை வந்த வழியில் அந்த எண்ணெய் வந்திருந்தால் முதலில் யார் இறங்கியிருப்பார்கள்? எந்தக் கருவியோடு? யார் பணத்தில்? இவற்றுக்குத் தமிழ்நாட்டில் விடை சொல்லத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. கடலில் நடப்பதைக் கடலோரக் காவல்படை பார்த்துக்கொள்ளும். கரையில் படிந்த எண்ணெயை அகற்றுவது மாநில அரசின் பொறுப்பு. ஆனால் திட்டம் வேறு, சட்டம் வேறு. திட்டத்தை மீறிய அதிகாரியை யாரும் நீதிமன்றத்தில் நிறுத்துவதில்லை.

எண்ணூரில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய பாதிப்பு இல்லை என்றது துறைமுக நிர்வாகம். பிறகு மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாகக் கரிய குழம்பை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம்) எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியபோதும் முதலில் இறங்கியது மீனவர் கைகள்தான். அதிகம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. எதை அளந்து அந்தத் தொகைக்கு வந்தார்கள்? வலையின் விலையையா, எத்தனை நாள் தொழில் போனது என்பதையா? எண்ணூர் தலைநகரின் வாசலில் இருக்கிறது. அங்கேயே இந்த நிலை என்றால் நம் கடலோர ஊர்களான நீரோடிக்கும் இரயுமன்துறைக்கும் என்ன கிடைக்கும்?

நமக்கு ஆபத்து தூரத்தில் இல்லை. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறையாகத் திறக்கப்பட்டது. எல்சா 3 கடைசியாகப் புறப்பட்டதும் அங்கிருந்துதான். பன்னாட்டுக் கப்பல் பாதை குமரி முனையைச் சுற்றித்தான் போகிறது. அதோடு, குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட 3 வட்டாரங்களை ஒன்றிய அரசு ஒதுக்கியிருக்கிறது. ஆனி ஆடியில் நீரோட்டம் கேரளக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும். அங்கே கொட்டுவது இங்கே வந்து சேரும். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கடலுக்குப் போகிறவர்கள் வள்ளக்காரர்களும் கட்டுமரக்காரர்களும்தான். முதல் அடி அவர்களுக்கே விழும்.

ஒரு மாநிலம் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா செய்து காட்டியிருக்கிறது. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் சொந்தக் கரையிலேயே கசிவு வந்தது. அந்த 1990-லேயே மாநிலச் சட்டமன்றம் எண்ணெய்க் கசிவுத் தடுப்புக்கும் மீட்புக்கும் சட்டம் இயற்றியது. முழுப் பொறுப்பும் ஒரே நிர்வாகியிடம். எண்ணெய்க்குப் பீப்பாய்க் கணக்கில் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் ஆயத்த வேலை. இழப்பீடு தரப் பண வலு உண்டு என்பதை எண்ணெய்க் கப்பல்கள் முன்கூட்டியே காட்ட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒத்திகை வைப்பார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: கசிவுச் செய்தி வந்த 24 மணி நேரத்துக்குள் மீன்பிடியை நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும்; நிறுத்தினால், மீனைச் சோதித்து நல்லது என்று தெரிந்த பிறகே திறக்க வேண்டும். நம் கரையில் இப்படி ஒரு சோதனை அறிக்கை இருந்தால், வதந்தியால் ஏலம் படுத்துப்போகாது. நல்ல மீனைத் தலையில் சுமந்துகொண்டு பெண்கள் வீடு வீடாக அலைய வேண்டியிருக்காது.

கப்பல் போக்குவரத்து அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, உண்மை. கடலில் போகும் கப்பலை நாம் நிறுத்த முடியாது. ஆனால் பொது சுகாதாரமும் 12 கடல் மைலுக்குள்ளான மீன்பிடியும் மாநிலப் பட்டியலில்தான் உள்ளன. சிறு துறைமுகங்கள் பொதுப் பட்டியலில் உள்ளன. 1983-இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றிய சட்டமன்றம்தானே இது? எல்சா 3 விவகாரத்தில் கேரளம் 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. அந்தத் துணிவு நமக்கும் வேண்டும். வழக்குப் போடும் அளவுக்கு இழப்பைக் கணக்கிட்டு வைக்கும் ஏற்பாடும் வேண்டும்.

அந்தக் கணக்கில் படகு உரிமையாளர் மட்டும் இருந்தால் போதாது. கரையில் நின்று கரைமடி வலை இழுப்பவர், மீன் விற்கும் பெண்கள், கடியபட்டணத்திலும் முட்டத்திலும் பாறையில் சிப்பி எடுப்பவர்கள் எல்லோரும் வர வேண்டும். மீனாவது விலகிப் போகும். சிப்பி பாறையைவிட்டு எங்கே போகும்? எண்ணெய் படிந்த பாறையில் மறுபடி சிப்பி ஒட்டி வளரும்வரை அந்தக் குடும்பத்துக்கு வருமானமே கிடையாது.

மிதவைத் தடுப்புகளும் எண்ணெய் உறிஞ்சும் கருவிகளும் குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களிலேயே இருக்க வேண்டும். அவற்றை இயக்க நம் மீனவர்களுக்குப் பயிற்சியும் கூலியும் கையுறையும் முகக்கவசமும் சட்டப்படி கிடைக்க வேண்டும். அலாஸ்காவில் நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் இப்படி ஒப்பந்தத்தில் இருக்கின்றன. வெறுங்கையால் எண்ணெய் அள்ளச் சொல்வதைச் சேவை என்று இனி யாரும் பாராட்ட வேண்டாம்.

நீங்கள் ஆறு பேரும் கட்சி பார்க்காமல் ஒன்றாகக் கையெழுத்திட்டு, அடுத்த கூட்டத்தொடரில் இதை ஒரு தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை ஊர் ஊராக வந்து, தேவாலயப் பங்குப் பேரவைகளிடமும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடமும் சங்கத்தில் இடமில்லாத பெண்களிடமும் கேட்டு எழுதுங்கள். எந்தத் தேதியில் எந்த ஊருக்கு வருகிறீர்கள் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். கடலுக்குப் போகிறவர்களும் அன்று கரையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
குமரிக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து
உங்கள் வாக்காளர்