உடை மாற்றும் அறை: நீச்சல் வகுப்புப் பெற்றோரின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். மகனை அழைத்துவரும் தாயும் மகளை அழைத்துவரும் தந்தையும் எந்த வயது வரை பிள்ளையைத் தங்கள் பாலினத்தவருக்கான அறைக்கே கூட்டிச் செல்லலாம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருப்பதால், நமது முடிவைத் தெரிவிக்கிறோம். 5 வயது வரை தயக்கமே வேண்டாம். அதன்பின் தனியே உடை மாற்றப் பழக்கி, 8 வயது நிறைந்ததும் எதிர்பாலர் அறையைத் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். ஜப்பானில் பொதுக் குளியலிடங்களுக்கான அரசு வழிகாட்டுதலில் 10 ஆக இருந்த வயது வரம்பு 2020-இல் 7 ஆகக் குறைக்கப்பட்டது என்பதிலிருந்து, இது எங்கும் எழும் கேள்வியே என்பது விளங்கும்.

ஆயினும், வயதைவிடப் பிள்ளையின் கூச்சத்தையே பெரிதாகக் கருத வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். துண்டை இறுகப் பற்றியபடி சுவரைப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு 6 வயதே ஆனாலும், அன்றே அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள். அதே அறையில் உடை மாற்றும் மற்றவர்களின் சங்கடமும் மதிக்கத்தக்கதே.

தனியே அனுப்புமுன், உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ஈர உடையைத் தானே கழற்றவும், யாரேனும் தொட்டாலோ கைபேசியை நீட்டினாலோ, பாதி உடையில் இருந்தாலும் உடனே வெளியே ஓடிவரவும் வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். நீங்கள் வாசலிலேயே நின்று, அவ்வப்போது பெயர் சொல்லிக் குரல் கொடுங்கள். உதவியின்றி உடை மாற்ற இயலாத பிள்ளைகளுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது. அவர்களுக்குக் குடும்ப அறையை முதலில் விட்டுக்கொடுக்க வேண்டுகிறோம்.