நூலகத்து அக்காவுக்கு நன்றி

தர்மபுரி மாவட்ட மைய நூலகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா, உங்களுக்கு நன்றி. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண் ஆய்வாளர்களுக்கு நிதி தரும் வைஸ்-கிரண் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். குழந்தைக்காக ஆய்வை நிறுத்திய வருடங்களை எப்படிச் சொல்வதென்று தயங்கியபோது, "மறைக்காதம்மா, இடைவெளி விழுந்த பெண்களையும் நினைச்சுத்தான் இந்தத் திட்டமே" என்றீர்கள்.

அப்புறம் முழுவதையும் பொறுமையாகப் படித்தீர்கள். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் கறை, இன்னும் கூடினால் எலும்பே பாதிக்கும். அதை முதல் வரிக்குக் கொண்டுவரச் சொன்னது நீங்கள்தான். கேட்கும் ஒவ்வொரு கருவிக்கும் காரணம் எழுதச் சொன்னதும் நீங்கள்தான். பக்கத்தில் வழிகாட்டி இல்லாத பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. நேர்காணலுக்கு அழைத்தால், பேசப்போவதை முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்க ஆசை, அக்கா.