நெற்றி விளக்கைப் பற்றி மகனுக்கு

குலசேகரம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மக்களே,

நேற்று நீ போன் செய்தபோது ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் ரப்பர் பால். "பத்தாயிரம் லூமன் டார்ச் ஒன்று பாதி விலைக்கு வருகிறது, கொளுக்குமலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம், வாங்கட்டுமா அம்மா?" என்று கேட்டாய். வாங்காதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இன்று எங்கள் மரங்களுக்குப் பால் வெட்டாத ஓய்வு நாள். ஏன் வாங்கக் கூடாது என்பதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

31 வருடமாக விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் போகிறவள் நான். முதலில் என் அம்மாவோடு போனபோது காய்ந்த தென்னோலையைக் கட்டிய சூட்டைக் கொளுத்தி வீசிக்கொண்டு நடந்தோம். பிறகு இடுப்பில் பெரிய பேட்டரியைக் கட்டி, அதிலிருந்து ஒயர் நெற்றிக்கு ஏறும் ஹெட்லைட் வந்தது. இப்போது உள்ளங்கைக்குள் அடங்கும் எல்.இ.டி. எல்லா விளக்கையும் தலையில் சுமந்துவிட்டேன். அதனால் இந்த ஒரு காரியத்தில் என் பேச்சைக் கேள்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் இடது உள்ளங்கையில் இருக்கும் தழும்பைச் சின்ன வயதில் நீ தடவிப் பார்த்துக் கேட்டபோது, சிரட்டை கீறியது என்றேன். அது பால்வெட்டும் கத்தி கிழித்தது. எல்.இ.டி. லைட் புதிதாக வந்த காலம். சந்தையில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு ஒன்று கிடைத்தது, ஆசையாக வாங்கினேன். மரத்துப் பட்டை பகல் போலத் தெரிந்தது. ஆனால் தலையை நிமிர்த்தினால் அந்த வெள்ளை வட்டத்துக்கு வெளியே ஒன்றுமே இல்லை, கருப்புச் சுவர். பழைய லைட்டில் பத்து மரம் தள்ளி நிற்பவர்கூட நிழலாகத் தெரிவார். அன்று பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த பெண் "அக்கா" என்று கூப்பிட்டுத் திரும்பினாள். அவள் நெற்றியிலும் அதே லைட். அது நேராக என் கண்ணில் விழுந்தது. பச்சையும் ஊதாவுமாகப் பொட்டுகள் மிதந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓர் அடி வைத்தேன். நான் தினமும் தாண்டிப்போகிற மழைக்குழி. கால் உள்ளே போனது, கத்தி கையில் இருந்தது.

குழியை மறைத்தது இருட்டு இல்லை, வெளிச்சம்தான். அதற்குப் பிறகுதான் உன் பள்ளி விலங்கியல் புத்தகத்தை எடுத்துக் கண்ணைப் பற்றிய பாடத்தைப் படித்தேன். கண்ணுக்குள் கூம்பு செல்கள் 60 லட்சம் அளவில் இருக்கின்றன. அவை பகலுக்கும் நிறத்துக்கும். குச்சி செல்கள் 12 கோடி அளவில் இருக்கின்றன. அவை இருட்டுக்கு. குச்சி செல்லுக்குள் ரோடாப்சின் என்று ஒரு நிறமி இருக்கிறது. பலமான வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். மறுபடி ஊற நிறைய நேரம் எடுக்கும். கூம்பு செல்கள் ஐந்து பத்து நிமிடத்தில் இருட்டுக்குப் பழகிவிடும். குச்சி செல்களுக்கு இருபதிலிருந்து முப்பது நிமிடம் வேண்டும், முழுதாகப் பழக அதற்கும் மேல் ஆகும். அரை மணி நேரம் பொறுமையாகச் சேர்த்ததை ஒருவன் டார்ச்சை உன் முகத்தில் அடித்து ஒரு நொடியில் கொட்டிவிடலாம்.

அந்த நிறமி ஊற வைட்டமின் ஏ வேண்டும். மாலைக்கண் வந்த பிள்ளைக்கு முருங்கைக்கீரை கொடு என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. ஹாஸ்டலில் கீரையை ஒதுக்கிவைக்கும் உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

இனி லைட்டுக்கு வருகிறேன். லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. ஒரு மெழுகுவர்த்தியின் வெளிச்சம் ஏறக்குறைய 12 லூமன். நம் வீட்டு முற்றத்தில் முன்பு தொங்கிய 60 வாட் குண்டு பல்பு 700 லூமன் சொச்சம். நல்ல எல்.இ.டி.யே ஒரு வாட்டுக்கு 100, 150 லூமன்தான் கொடுக்கும். பத்தாயிரம் லூமன் என்றால் 70 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். நீ படம் அனுப்பிய டார்ச்சில் இருப்பது ஒரே ஒரு 18650 பேட்டரி, அதாவது 18 மில்லிமீட்டர் கனம், 65 மில்லிமீட்டர் நீளம். அதில் அடங்குவது 10, 12 வாட்-மணி மின்சாரம். பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும், அதற்குள் கையில் பிடிக்க முடியாதபடி சுடும். ஆகவே அந்த எண் பொய். உண்மையாகவே இருந்தாலும் உனக்குத் தேவையில்லை.

நான் பால் வெட்டும்போது தடிக்கு, அதாவது பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்துக்கு, ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். அதற்குமேல் கத்தி இறங்கினால் மரத்துக்குக் காயம். அவ்வளவு நுணுக்கமான வேலைக்கே 30, 40 லூமன் எனக்குப் போதும், அதுவும் கை நீளத்துக்குள் பரவலாக விழுகிற வெளிச்சமாக இருந்தால். கூடாரத்துக்குள் பை துழாவ, சோறு உண்ண, புத்தகம் பார்க்க ஒன்றிலிருந்து ஐந்து லூமன் தாராளம். நடக்க 50 முதல் 100. ஆகவே கடையில் கேட்க வேண்டியது "எவ்வளவு அதிகம் எரியும்" என்பதல்ல, "எவ்வளவு குறைவாக எரியும்" என்பதுதான். போட்டவுடன் குறைந்த வெளிச்சத்தில் தொடங்குகிறதா என்று அங்கேயே அழுத்திப் பார். பல லைட்டுகள் போட்டவுடன் முழு வேகத்தில் அடிக்கும், மூன்று முறை அழுத்திய பிறகுதான் இறங்கும். நடுராத்திரி அதைப் போட்டால் உன் கண்ணும் போச்சு, பக்கத்தில் படுத்திருப்பவன் கண்ணும் போச்சு. சிமிட்டிச் சிமிட்டி எரியும் வசதி நடுவில் வந்து நுழைகிற லைட்டும் வேண்டாம்.

சிவப்பு விளக்கு இருந்தால் நல்லது. குச்சி செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியவே தெரியாது, அதனால் அந்த நிறமி சிதையாது. ஆனால் சிவப்பு என்பதற்காகவே எல்லாம் சரியாகிவிடாது. பளீரென்ற சிவப்பும் கண்ணைக் கெடுக்கும். மங்கிய வெள்ளை அதைவிட மேல். சிவப்பு வெளிச்சத்தில் நிறம் பிரித்துப் பார்க்க முடியாது. வரைபடத்தில் சிவப்புக் கோடு மறைந்துவிடும், தோலில் ரத்தம் சரியாகத் தெரியாது. யாருக்காவது அடிபட்டால் தயங்காமல் வெள்ளையைப் போடு. உன் பழைய டார்ச்சில் சிவப்பு இல்லையென்றால், கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஒட்டி மிஞ்சிய சிவப்புக் கண்ணாடித்தாள் பரணில் இருக்கிறது. இரண்டு மடிப்பாக முகப்பில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டால் போதும். ஒரு துண்டு இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன்.

உன் அப்பா பீடி பற்றவைக்கும்போது ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? புகைக்காக என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கேட்டபோதுதான் சொன்னார், தீக்குச்சி வெளிச்சம் இரண்டு கண்ணிலும் பட்டால் அடுத்த மரத்துக்குத் தடுமாற வேண்டும் என்று. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத்தான் இருட்டுக்குப் பழகுகிறது. ஆகவே வெள்ளை லைட் போட்டே தீர வேண்டும் என்றால் ஒரு கண்ணை மூடிக்கொள். பீடியை விட்டு ஏழு வருடம் ஆகிறது, பூஜ்ஜிய வாட் பல்பைப் போட்டால்கூட அவருக்கு இன்னும் ஒரு கண் மூடுகிறது.

ஆனால் நடக்கும்போது வெளிச்சத்தில் கருமித்தனம் கூடாது. தேயிலைச் சரிவில் குழிவிரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். கண்ணுக்கு நேராக நெற்றியில் இருக்கும் லைட் பொருளின் நிழலைப் பொருளுக்குப் பின்னாலேயே ஒளித்துவிடும். கல்லும் பாம்பும் சருகும் ஒரே தட்டையாகத் தெரியும். லைட்டைக் கழற்றிக் கையில், இடுப்பு உயரத்தில் பிடித்தால் ஒவ்வொன்றுக்கும் நிழல் நீளும், மேடு பள்ளம் எழுந்து நிற்கும். தோட்டத்தில் மரத்துக்கு மரம் நடக்கும்போது நான் அப்படித்தான் செய்கிறேன். கொளுக்குமலையில் மூடுபனி இறங்கினாலும் இதையே செய். நெற்றி லைட் பனியில் பட்டு வெள்ளைத் திரையாகக் கண்ணுக்கே திரும்பி வரும். பூச்சிகளும் முகத்தைத்தான் தேடி வரும்.

எதிரே ஆள் வந்தால் முதலில் உன் லைட்டைத் தாழ்த்து. நாங்கள் தோட்டத்தில் உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் பேசுவோம். அன்று என்னைக் கூப்பிட்ட பெண்ணும் இப்போது அப்படித்தான் செய்கிறாள். சூரியநெல்லியில் ஜீப் ஏறும் இடத்திலிருந்தே அது யானைக் காடு. அரிக்கொம்பன் என்ற காட்டு யானை பக்கத்துச் சின்னக்கானலில் திரிந்தவன்தான். 2023 ஏப்ரலில் அங்கே பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள், அடுத்த மாதமே கம்பம் தெருவில் ஓடியதை டிவியில் சேர்ந்து பார்த்தோம். யானை தெரிந்தால் அதன் முகத்தில் டார்ச் அடிக்காதே. லைட்டைத் தரையைப் பார்த்துத் தாழ்த்தி, சத்தமில்லாமல் வந்த வழியே பின்னால் போ. ராத்திரி ஒதுங்கப் போனாலும் தனியாகப் போகாதே.

தீ மூட்ட வேண்டும் என்று உன் நண்பர்கள் ஆசைப்படுவார்கள். நீ சம்மதிக்காதே. நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வானம் தெரியாது என்பது ஒரு காரணம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியது இன்னொரு காரணம். அந்தப் பிள்ளைகள் கொளுக்குமலைக்குப் போய்த் திரும்பியவர்கள்தான். பலரும் இளம் வயதுதான். அன்று இரவு முழுக்க நானும் பக்கத்து வீட்டு அக்காவும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். வனத்துறை எங்கே விடுகிறதோ அங்கே மட்டும் போ, தீக்குச்சி கிழிக்காதே.

அமாவாசையை ஒட்டிப் போகிறாய், நல்ல நாள். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ராத்திரிக் கண்ணுக்கு அதைவிடப் பெரிய பகை இல்லை. நேரம் பார்க்கவேண்டுமென்றால் கையில் கடிகாரம் கட்டிக்கொள். பாய் விரித்து அரை மணி நேரம் சும்மா படு. முதல் பத்து நிமிடம் இவ்வளவுதானா என்று தோன்றும், எழுந்துவிடாதே. உச்சி வானத்துப் பக்கம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் இருக்கும். நேராகப் பார்த்தால் மங்கும், சற்றுத் தள்ளிப் பக்கத்தில் பார்வையை வைத்தால் ஒன்றொன்றாக எழும்பி வரும். கண்ணின் நட்டநடுவில் குச்சி செல்லே கிடையாது, ஓரத்தில்தான் நிறைய. ஆறு எண்ணிய பிறகு ஏழாவதைத் தேடு. தெற்கே தாழ்வாக, தனியாக ஒன்று பளிச்சென்று நிற்கும், அது அகத்தியர். இங்கே என் தோட்டத்து மேட்டிலிருந்தும் தெரியும். உன் வயதில் கண்ணின் பாவை இருட்டில் 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும், என் வயதில் 5 விரிந்தால் அதிகம். நான் பார்க்காத நட்சத்திரத்தை நீ பார்ப்பாய்.

புது டார்ச்சுக்குச் செலவு செய்யாதே. நான் வைத்திருக்கும் இரண்டு ஹெட்லைட்டில் நல்லதை இன்று பார்சலில் அனுப்புகிறேன். முதல் அழுத்தலில் மங்கலாகத்தான் எரியும், மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் சிவப்பு வரும். பட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறேன், இருந்தாலும் ரப்பர் பால் வாசனை கொஞ்சம் இருக்கும். மூன்று பென்சில் பேட்டரியும் ரீசார்ஜ் செய்யும் வகை, குளிரில் சாதாரண பேட்டரியைவிடத் தாங்கும். வேறு மூன்று வாங்கி இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள். பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துவிடாமல் இருக்க ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். எரியவில்லை என்று பயந்துவிடாதே, அதை மட்டும் எடுத்து நேராகப் போடு.

இறங்கி வந்ததும் சூரியநெல்லியிலிருந்து போன் செய். அப்பா கார்த்திகையில் ஏழு தெரிந்ததா என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா