வேறு இடம் என்றால் எந்த இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் கடலூர் பக்கத்தில், பூங்காவில் கொக்குகளின் எச்சத்தால் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அவதிப்படுவதாக ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். அவதியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பூங்காவுக்கு எதிரேதான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வண்டி சீட்டைத் துடைக்காமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது, மீன் கவிச்சி கடைக்குள் வரைக்கும் வரும். ஆனால் அந்தச் செய்தியின் கடைசி வரி ஒன்று இருக்கிறதே, "கிளைகளை வெட்டிவிட்டால் பறவைகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும் எனப் பொதுமக்கள் கருதுகின்றனர்" என்று, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எந்தப் பொதுமக்கள் ஐயா? நானும் பொதுமக்களில் ஒருவன்தான், என் கடைக்கு வந்து போகிறவர்களும் அப்படித்தான். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செய்தி வந்த இரண்டொரு நாளில் ஏணியும் ரம்பமுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். யார் அனுப்பியது என்று நான் எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியாததா. பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் தெருப்பக்கக் கிளைகள் மொத்தமும் கீழே வந்தன. கிளையோடு கூடு, கூட்டோடு குஞ்சு. இறகுகூடச் சரியாக முளைக்காத வக்கா (இராக்கொக்கு) குஞ்சுகள் தார் ரோட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. நாங்கள் சில பேர் பொறுக்கி அட்டைப்பெட்டியில் வைத்தோம், டீக்கடை அண்ணன் நெத்திலி வாங்கி வந்து ஊட்டிப் பார்த்தார். ஒன்றிரண்டுதான் தேறின. இருட்டும்வரை தாய்ப் பறவைகள் அந்த மொட்டைக் கிளைகளைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. மறுநாள் உங்கள் பத்திரிகையில் "செய்தி எதிரொலி" என்று பெரிய எழுத்தில் தலைப்பு, பக்கத்தில் சுத்தமான பெஞ்சின் படம். குஞ்சுகளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஐயா, அந்தச் செய்தியில் இவற்றை "வெளிநாட்டுப் பறவைகள்" என்று வேறு எழுதியிருந்தீர்கள். வக்கா, மடையான், உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு எல்லாம் வருஷம் முழுக்க நம் ஊரிலேயே இருப்பவை. வக்கா பகலெல்லாம் கிளையில் தூங்கிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் குவாக் குவாக் என்று கத்திக்கொண்டு கெடிலம் ஆற்றுப் பக்கம் இரை தேடப் போகும். மடையான் உட்கார்ந்திருந்தால் சேற்று நிறம், கண்ணுக்கே தெரியாது, எழுந்து பறந்தால்தான் இறக்கை வெள்ளை என்று தெரியும். உண்மையிலேயே வெளிநாட்டிலிருந்து வருகிறவை, கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான் வகைகள். வடக்கே சைபீரியா, ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தாங்காமல் நம் கழிமுகங்களுக்கு வந்து தங்கிப் போகின்றன. அவை பூங்காவுக்கு வருவதும் இல்லை, இங்கே கூடு கட்டுவதும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? எங்கிருந்தோ வந்தவை, விரட்டினால் வந்த வழியே போய்விடும் என்றுதான் நினைப்பார்.

சரி, வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். எந்த இடம்? முட்டையிட்டு அடைகாக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், அதற்கப்புறம் குஞ்சு பறக்க இன்னும் ஐந்தாறு வாரம். நடுவில் கூட்டைக் கலைத்தால் தூக்கிக்கொண்டு போக அதற்குக் கையா இருக்கிறது? கூடு கட்டவும் எல்லா மரமும் ஆகாது. அகலமாகக் கிளை விரித்த பெரிய மரம் வேண்டும், ஒரு நாளில் பல தடவை போய்வரும் தூரத்தில் மீனும் தவளையும் உள்ள தண்ணீர் வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தபோது இந்த ஊரில் மரம் எப்படிச் சாய்ந்தது என்று உங்கள் நிருபர்களே பக்கம் பக்கமாக எழுதினார்கள். அன்றைக்குத் தப்பிய கொஞ்சம் பழைய மரங்களில்தான் இவை கூடு கட்டுகின்றன. பூங்கா மேல் அவற்றுக்கு ஆசை ஒன்றும் இல்லை, ஊருக்குள் பெரிய மரம் அங்கேதான் மிச்சம் இருக்கிறது.

ஊசுடு ஏரிக்குப் போகட்டும் என்று கடையில் ஒருவர் சொன்னார். புதுச்சேரி அரசு அதை 2008-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, சந்தோஷம். பிச்சாவரமும் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, அதுவும் பெருமைதான். ஆனால் இங்கே குஞ்சு வைத்திருக்கிற கொக்கு பிச்சாவரம் போய் மீன் பிடித்து வந்து ஊட்டுமா? அதற்கு கெடிலமும் உப்பனாறும் பக்கத்து வாய்க்காலும்தான் கதி. அந்த உப்பனாறு என்ன நிறத்தில் ஓடுகிறது, என்ன வாடை அடிக்கிறது என்று நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

கரையோரத்திலும் இதே கதைதான். விடியற்காலையில் தாழங்குடா பக்கமும் சில்வர் பீச் முகத்துவாரத்திலும் போய் நின்று பார்த்தால் தெரியும். குட்டை அலகு உப்புக்கொத்தி மேல்மணலில் ஓடி ஓடிப் பொறுக்கும், உள்ளான் சேற்றில் குத்தி எடுக்கும், குதிரைமலைக் கோட்டான் (பெயர்தான் கோட்டான், ஆந்தை இல்லை, இதுவும் கரைப்பறவைதான்) தன் நீளமான வளைந்த அலகை வளைக்குள் விட்டு நண்டை இழுத்துவிடும். கொசு உள்ளான் என்று ஒன்று, முப்பது கிராம்கூட இருக்காது, அதுதான் அவ்வளவு தூரம் பறந்து வருகிறது. நம் பிள்ளைகள் இந்தப் பறவைகளின் நடுவே பைக் ஓட்டி வீடியோ எடுக்கிறார்கள், நாயை அவிழ்த்துவிட்டுத் துரத்தச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவை எழுந்து பறக்கும்போதும் உடம்பில் சேர்த்த கொழுப்பு கரைகிறது. மார்ச், ஏப்ரலில் திரும்பக் கிளம்பும்போது அந்தக் கொழுப்புதான் அவற்றுக்கு வழிச்செலவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதை உங்களுக்கு விரிவாக எழுதி அனுப்பினேன், பிரசுரிக்கவில்லை. அதே மாதம் "உப்பனாற்றில் பூநாரைகள்: குடும்பத்தோடு கண்டு ரசிக்கலாம்" என்று இடம், வழி எல்லாம் போட்டு வண்ணப் படம் வெளியிட்டீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதியது, சாயங்காலம் ஒரு பறவை இல்லை. கிராமச் சாலையோரங்களில் மடையானையும் கொக்கையும் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்றதைப் பற்றியும் எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. நான் பெரிய ஆள் இல்லைதான். இருந்தாலும் வருஷக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற வாசகன் ஐயா.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வருகிறது. சுட்டுக் கொன்றால் மட்டும்தான் வேட்டை என்றில்லை. அப்படியானால் பட்டப்பகலில் பூங்காவில் நடந்தது என்ன? இதை நீங்கள் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? பத்திரிகை கேட்டால் அதிகாரி பதில் சொல்வார், ஜெராக்ஸ் கடைக்காரன் கேட்டால் யார் சொல்வார்?

எச்சம் எச்சம் என்று எழுதினீர்கள். வேடந்தாங்கல் ஏரியில் அந்த எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு நல்லது என்று கண்டுகொண்ட ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்துக் கலெக்டரிடமே போய் நின்றார்கள், 1798-ல் அவர்கள் கேட்ட பாதுகாப்பு கிடைத்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டவிட்டு, அதன் அடியிலேயே மக்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது, இத்தனை பெரிய நகரத்தில் இருக்கும் நமக்குத் தெரியாமல் போனது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

இனி நான் கேட்பது இவ்வளவுதான். அந்த மரத்தடியில் கிடக்கும் பெஞ்சுகளையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் எதிர்ப்பக்கம் மாற்றச் சொல்லி எழுதுங்கள், அங்கே பெஞ்சு போட இடம் தாராளமாக இருக்கிறது. கிளை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், குஞ்சுகள் எல்லாம் பறந்து கூடு காலியான பிறகு, வனத்துறை ஆள் ஒருவர் வந்து பார்த்துச் சொன்ன பிறகு வெட்டட்டும். காலையில் எச்சத்தைக் கழுவும்போது காய்ந்ததைப் பெருக்கித் தூசி கிளப்பாமல், முதலில் தண்ணீர் விட்டு நனைத்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள், மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கும் நல்லது. அப்புறம், அவை வெளிநாட்டுப் பறவைகள் இல்லை என்று ஒரு திருத்தம் போடுங்கள். "செய்தி எதிரொலி" போட்ட அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட்டால் நன்றாக இருக்கும்.

பூங்காவின் உள்பக்கக் கிளைகளில் இன்னும் கூடுகள் இருக்கின்றன. ஆகவே இந்தக் கடிதத்தை இந்த வாரமே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூங்கா எதிரே கடை வைத்திருக்கும் வாசகர்,
கடலூர்.