ஐந்தாம் நாளே காலியாகும் கூடை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததையும், அப்பா மறுபடி நடக்கத் தொடங்கியதையும் படித்து மனம் நிறைந்துவிட்டது. கடைசியில் அவசரமாக இரண்டு வரி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும். வாரத்துக்கு ஒதுக்கிய பணம் ஐந்தாம் நாளே தீர்ந்துவிடுகிறது, கொண்டைக்கடலை எவ்வளவு வேகவைத்தாலும் கல்லாகவே இருக்கிறது என்று இரண்டையும் தனித்தனிக் குறையாகச் சொல்லியிருக்கிறாய். எனக்கென்னவோ இரண்டும் ஒன்றாகவே படுகிறது. பயறு சரியாக வேகாத வீட்டில் மலிவான சத்து டப்பாவிலேயே தங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப இறைச்சியும் ரொட்டியும் கூடுதல் காய்கறியும் வாங்குகிறோம். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ஆகவே முதலில் கடலை. 200 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, 8 முதல் 12 மணி நேரம் ஊறவிடு. வெயில் காலமென்றால் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வை, வெளியே இருந்தால் நுரைத்துப் புளித்துவிடும். உப்பு போட்டால் வேகாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது தவறு. தோலில் உள்ள பெக்டின் என்ற பொருளைக் கால்சியமும் மெக்னீசியமும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடிக்கும்போது தோல் இளகுகிறது. உண்மையில் வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் கடலை விரலால் நசுங்கும் அளவுக்கு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். நீ தக்காளியோடு சேர்த்தே வேகவைக்கிறாய் என்றால் பாதிக் காரணம் அதுதான்.

மீதிப் பாதி தண்ணீரில் இருக்கலாம். கெட்டிலில் வெள்ளைப் படிவு படிகிற தண்ணீர் என்றால் அது கடின நீர், அதிலுள்ள கால்சியம் தோலை மேலும் இறுக்கும். அதை இளக்க அரைக் கிலோ கடலைக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா போதும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், கடலையும் கூழாகிவிடும். இவ்வளவும் செய்து வேகவில்லை என்றால் சரக்கு பழையது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த கடலை எத்தனை மணி நேரம் கொதித்தாலும் முழுதாக மென்மையாகாது. அதை நினைத்து கேஸை வீணாக்காதே. ஊறவைத்து, பச்சையாகவே அரைத்து, வடைபோல் தட்டிப் பொரித்து முடித்துவிடு.

ஊறிய கடலைக்குக் குக்கரில் ஆவி ஏறிய பின் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் ஆகும். திறந்த பாத்திரத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். எரிபொருளும் வாரச் செலவுதானே, அதனால் குக்கரே நல்லது. பாதிக்கு மேல் நிரப்பாதே. பயறு நுரைத்து ஆவித்துளையை அடைக்கும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். அழுத்தம் தானாக இறங்கட்டும். அவசரப்பட்டு ஆவியை வெளியேற்றினால் தோல் உரிந்து கடலை உடைந்துபோகும்.

சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது, முடிந்தால் 30 நிமிடம், தளதளவென்று கொதிக்கவிடு. மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடவே கூடாது. அரைவேக்காட்டுச் சூட்டில் விஷத்தன்மை போகாது, கூடவும் கூடும்.

200 கிராம் காய்ந்த கடலை வெந்தபின் ஏறத்தாழ 450 முதல் 500 கிராம் ஆகும். ஆகையால் ஒரே தடவையில் அரைக் கிலோ வேகவைத்துவிடு. இரண்டு பங்கை வெந்த நீரோடு பைகளில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வை, ஒரு பங்கு ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும். களைத்து வீடு திரும்பும் மாலையில் வெந்த பயறு தயாராக இருப்பதுதான் வெளியில் வாங்கும் சாப்பாட்டைத் தடுக்கிறது. வேறு எந்தக் கட்டுப்பாடும் அந்த நேரத்தில் நிற்காது.

இனி அளவு. பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 80 கிராம் அரிசி, 50 கிராம் பயறு என்று வைத்துக்கொள். நான்கு பேருக்கு 320 கிராம் அரிசி, 200 கிராம் பயறு. ஒரு நாளைக்கு ஒரு வேளை என்றாலும் வாரத்துக்கு அரிசி 2.25 கிலோ, பயறு 1.4 கிலோ வருகிறது. கடைக்குப் போகும் முன் இந்த இரண்டையும் எழுதிவிடு, அதன் பிறகே காய்கறி. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பயறும் அரிசியும் தட்டில் இருக்கும்போது ஆளுக்கு ஒரு முட்டையே போதும். இறைச்சி வாங்கினால் கிலோ விலையைப் பார்க்காமல், எலும்பு போக வெந்து தட்டுக்கு வருவது எவ்வளவு என்று பார். கொத்திய இறைச்சி 250 கிராமோடு வெந்த பருப்பு ஒரு கப் மசித்துச் சேர்த்தால் நான்கு பேருக்குக் குறைவு தெரியாது.

காய்கறியில் பணம் போவது விலையால் அல்ல, அழுகலால். சமைக்கும் வரிசையை வாடும் வரிசையாக மாற்று. கீரையும் மென்மையான இலைகளும் முதல் இரண்டு நாள். கத்தரி, பீன்ஸ், வெண்டை மூன்றாம், நான்காம் நாள். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் அதற்குப் பின். உருளையும் பூசணியும் கடைசி நாட்களுக்கு. கீரையைக் கழுவி வைக்காதே, ஈரம்தான் அதற்கு எமன். உலர்ந்த துணியில் சுற்றி வை, சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதே, இரண்டும் சீக்கிரம் முளைத்து அழுகும். உருளைக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையான பகுதியைத் தாராளமாக வெட்டி எறி, கசந்தால் முழுவதையும் எறிந்துவிடு.

ஏழு இரவுக்கும் திட்டம் போடுகிறாய், அது வேண்டாம். ஐந்துக்கு மட்டும் போடு. ஒரு இரவு மீந்ததற்கு, இன்னொன்று டப்பாவில் இருக்கும் பயறுக்கும் முட்டைக்கும். ஏழும் நிரம்பிய திட்டத்தில் மீந்ததற்கு இடமே இருக்காது, அது ஃப்ரிட்ஜின் பின்வரிசைக்குப் போய் குப்பையாகும்.

எண்ணெயைப் பாட்டிலிலிருந்து ஊற்றாமல் கரண்டியால் அள. நாளுக்கு மூன்று மேசைக்கரண்டி என்றால் 45 மில்லி, வாரத்துக்கு 315 மில்லிதான். இப்போது நீ எவ்வளவு வாங்குகிறாய் என்று ஒப்பிட்டுப் பார். எண்ணெயைக் குறைத்தால் ருசி போய்விடும் என்ற பயம் வேண்டாம். வெங்காயத்தைச் சிறு தீயில், சிறிது உப்புப் போட்டு, 15 முதல் 20 நிமிடம் பழுப்பேறும்வரை வதக்கு. அடிபிடித்தால் எண்ணெய் விடாமல் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டு, அந்தப் பழுப்புதான் குழம்பின் நிறமும் மணமும். மசாலாப் பொடியைத் தண்ணீரில் கொட்டாமல் அந்த எண்ணெயிலேயே அரை நிமிடம் புரட்டு, பல மசாலாக்களின் மணம் கொழுப்பில்தான் நன்றாகக் கரைந்து இறங்கும். குழம்பு நீர்த்துப்போனால் வெந்த கடலையில் ஒரு கரண்டி எடுத்து மசித்துச் சேர்த்தால் போதும்.

ஒன்று மட்டும் சிக்கனத்துக்காகக்கூட செய்யாதே. மீந்த சோற்றை ராத்திரி முழுக்க அடுப்படியில் அப்படியே மூடி வைக்காதே. வெந்த அரிசியிலும் உயிர் பிழைக்கும் பாசிலஸ் என்ற கிருமி அறைச் சூட்டில் பெருகி வெளியிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வை. மறுநாளே, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

இந்த வாரம் குப்பைக்குப் போகிற ஒவ்வொன்றையும் அளவோடு ஒரு தாளில் குறித்து, அடுத்த கடிதத்தோடு அனுப்பு. கீரைக்கட்டு எத்தனை, சோறு எத்தனை கப், பால் எவ்வளவு என்று எழுது. அதைப் பார்த்துத்தான் உன் பட்டியலில் எதைக் குறைக்கலாம் என்று சொல்ல முடியும். கடலை வெந்ததா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தோழி