பிஸ்கட் டின்னில் உள்ள ரசீதுகள்

மாண்புமிகு தகவல்தொடர்பு, டிஜிட்டல் தொழில்நுட்ப அமைச்சர் அவர்களுக்கும் தென்னாப்பிரிக்காவின் பொது ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி.யின் இயக்குநர் குழுவினருக்கும்,

வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. தொலைக்காட்சி உரிமத்துக்குக் கட்டிய ரசீதுகளையெல்லாம் அதில்தான் போட்டு வைக்கிறேன். வருஷத்துக்கு 265 ராண்ட். "இதை இன்னும் யாரம்மா கட்டுகிறார்கள்?" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கட்டுவதில்லை என்பதை எஸ்.ஏ.பி.சி.யே ஒப்புக்கொள்கிறது.

இத்தனைக்கும் நான் டிவி அதிகம் பார்ப்பவள் இல்லை. காலையில் அடுப்படியில் ஓடுவது, இங்குள்ள இந்தியர்களுக்காக எஸ்.ஏ.பி.சி. நடத்தும் வானொலியான லோட்டஸ் எஃப்.எம். வானொலி கேட்க உரிமமே வேண்டாம். ஆக, பார்க்காத பெட்டிக்குக் காசு கட்டிவிட்டு, கேட்கிற பெட்டியைச் சும்மா கேட்கிறேன். பேரன் எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்த்துவிடுகிறான், அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. 1976இல் இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்த காலத்துக் கணக்கு இது. இன்றைக்கு ஒத்துவரவில்லை.

அப்புறம் ஏன் கட்டுகிறாய் என்றால், அதற்குப் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும்.

டர்பனில் ஒரு காலத்தில் தமிழ் அச்சில் வந்தது. 1903இல் காந்தி முன்னின்று தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வெளியானது. வக்கீல் தொழிலில் சம்பாதித்ததை அவர் அதில் கொட்டினார். அப்படியும் எழுத ஆள் கிடைக்காமல் தமிழ்ப் பக்கமும் இந்திப் பக்கமும் 1906இல் நின்றன. 1908இல் பி.எஸ். ஐயர் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் வாரப் பத்திரிகை தொடங்கினார். இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து, ஒப்பந்தம் முடிந்த கூலிகள் தலைக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டியிருந்ததை எதிர்த்து விடாமல் எழுதிய மனிதர். 1914இல் அந்த வரி ஒழிந்தது. பத்திரிகை 1930 வரை ஓடியது. அந்த மனிதர் தனியாளாக எப்படித்தான் அத்தனை வருஷம் தாங்கினாரோ! ஒருவருடைய பையை நம்பி நடந்த தமிழ் அச்சு, அந்தப் பை தாங்கும் வரைக்கும்தான் இருந்தது.

1983இல் தொடங்கிய லோட்டஸ் இன்றும் இருக்கிறது. அதன் செலவை ஒருவர் சுமக்கவில்லை, நாடே சுமக்கிறது. நான் கட்டுவது இதற்காகத்தான்.

ஆனால் ஊர்ப் பணத்தில் நடப்பதை ஒருவர் தன் சொத்தாக நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2016இல் எல்லா நிலையங்களிலும் 90 விழுக்காடு உள்ளூர் இசை என்று மேலிருந்து ஓர் உத்தரவு வந்தது. உள்ளூர்க் கலைஞர்கள் வளர வேண்டும், சரி. ஆனால் லோட்டஸைக் கேட்பவர்கள் எதற்காக அதைக் கேட்கிறார்கள் என்று யாராவது எங்களைக் கேட்டீர்களா? அதே ஆண்டு, போராட்டங்களில் சொத்து எரிவதைக் காட்டக்கூடாது என்ற கட்டளையும் வந்தது. அதை எதிர்த்த எட்டுப் பத்திரிகையாளர்களுக்கு வேலை போனது.

2024 நவம்பரில், எஸ்.ஏ.பி.சி.க்கான புதிய சட்ட மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அமைச்சர் அறிவித்தார். பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் வழியில்லை என்பது முக்கியமான காரணம். நியாயம்தான். ஆனால் அந்த வழி எது? 2019இல் எஸ்.ஏ.பி.சி.க்கு 320 கோடி ராண்ட் அறிவித்துத் தூக்கி நிறுத்தினீர்கள். இப்படிக் கேட்டுக் கேட்டு வாங்குகிற நிறுவனம் கொடுப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் செய்தி வாசிக்கும்.

என்னைக் கேட்டால், டிவி பெட்டியை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு ஒரு சிறு தொகை வையுங்கள். உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கு வேண்டாம், இப்போதே அவர்களுக்குச் சலுகை விலை 74 ராண்ட்தானே. வசூலிப்பது யாராகவும் இருக்கட்டும், செலவழிக்கும் அதிகாரம் அமைச்சகத்திடம் போகக்கூடாது.

அச்சுப் பத்திரிகைக்கும் இந்த யோசனை பொருந்தும். செய்தித்தாள் வாங்கும் ஏழையிடம் 15 விழுக்காடு வாட் வரி பிடிக்கிறீர்களே, அதை எடுத்துவிட்டால் என்ன? போட்டி ஆணையத்தின் விசாரணை முடிவில் கூகுள் செய்தி ஊடகங்களுக்கு ஐந்து ஆண்டுகளில் 68.8 கோடி ராண்ட் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அது பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடாமல், நான்கு பேர் உட்கார்ந்து நடத்தும் பேட்டைப் பத்திரிகைக்கும் வந்து சேர வேண்டும்.

நம் அரசியல் சாசனத்தின் ஆறாவது பிரிவு, மதிப்பு உறுதிசெய்யப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த மதிப்பை நான் மணிக்கணக்கில்தான் அளப்பேன்.

இந்த ஆண்டு ரசீதும் டின்னுக்குள் போய்விட்டது. அடுத்த ஆண்டு பில் அனுப்பும்போது அடியில் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: லோட்டஸில் தமிழுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று.

இப்படிக்கு,
உரிமம் கட்டும் ஒரு தமிழ்ப் பாட்டி
சாட்ஸ்வொர்த், டர்பன்