எங்கள் அம்மாக்களைச் சைக்கிளில் ஏற்றுங்கள்

பிரான்சில் இயங்கும் எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த கோடைச் சுற்றுலாவுக்கு நீங்கள் இடம் பார்க்கத் தொடங்கும் முன்னரே இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். ஒவ்வொரு வருடமும் பஸ் பிடித்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். லூர்து மாதா கோயில், கடற்கரை, பிள்ளைகளின் விளையாட்டுப் பூங்கா எல்லாம் கண்டுவிட்டோம். அதற்குப் பின்னால் உள்ள அலைச்சலும் எனக்குத் தெரியும். விடியப்புறம் எழும்பிச் சோற்றுப்பொதி கட்டியவர்களில் நானும் ஒருத்தி. இம்முறை ஒன்று கேட்கிறேன். பிரான்சின் மேற்கே உள்ள பிரெத்தாஞ் மாகாணத்தின் நடுவே கெர்லெடான் என்றொரு ஏரி இருக்கிறது. அந்த ஏரியின் வடகரையையும் அதனோடு தொடுக்கும் கால்வாய்க் கரையையும் பிடித்து, வாகனம் ஓடாத சைக்கிள் பாதை போகிறது. எங்கள் பெண்களை அங்கே கூட்டிப்போய்ச் சைக்கிள் ஓட விடுங்கள்.

ஏன் பெண்களை என்று கேட்பீர்கள். எங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதா? 1990களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடை; பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை, ஆஸ்பத்திரி, கலியாணவீடு, செத்தவீடு எல்லாமே சைக்கிளில்தான். அண்ணாவின் ஆம்பிளைச் சைக்கிளில் பாருக்குக் கீழால் காலை விட்டு ஓடித்தான் நான் பழகினேன். பற்றரியும் தடைதானே, இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும், சுற்றிலும் இருந்து செய்தி கேட்போம். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது என் லுமாலாச் சைக்கிளின் கரியரில் அம்மம்மாவின் பாய், ஹாண்டிலில் இரண்டு பை. அந்தச் சனத்துக்குள் ஓட இடமேது, உருட்டிக்கொண்டு போனேன். பிறகு அந்தச் சைக்கிள் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது.

பாரிசுக்கு வந்து இரண்டாம் வருடம் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். வேலைக்குப் போகும் வழியில், ஓரமாய் நிறுத்தியிருந்த காரின் கதவு சடாரென்று திறந்தது. முழங்கையில் ஐந்து தையல். அதோடு சைக்கிள் நிலவறைக்குள் போனது, இருபது வருடம் நானும் அதைத் தொடவில்லை. என் கதையில் புதினம் ஒன்றுமில்லை. பாரிசில் எங்கள் கடைகள் இருக்கும் லாச்சப்பல் சந்தியில் நின்று என் வயதுப் பெண்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கார்க் கதவுக் கதையாவது, 'இந்த றோட்டில உனக்கென்ன விசரே' என்று வீட்டில் மறித்த கதையாவது சொல்வார்கள். ஓடத் தெரிந்த ஒரு தலைமுறையே இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் மகள்மாருக்கு இது தெரியாது. அம்மா சைக்கிள் ஓடுவாள் என்றால் சிரிக்கிறார்கள்.

என்னைக் கெர்லெடானுக்குக் கூட்டிப்போனது என் மகள்தான். வாடகைச் சைக்கிளில் ஏறியபோது கால் நடுங்கியது. முதல் நூறு மீற்றர் ஹாண்டில் இங்கும் அங்கும் போனது. பாதையின் தொடக்கத்தில் நீலச் சதுரப் பலகை: நடப்பவர், சைக்கிள். 'வுவா வெர்த்', பச்சைப் பாதை என்று 2004இல் பிரெஞ்சுப் போக்குவரத்துச் சட்டத்துக்குள் வந்த வகை இது. மோட்டார் வாகனத்துக்கு அனுமதி கிடையாது. சில இடங்களில் றோட்டைக் குறுக்கறுக்க வேண்டும், அங்கே மட்டும் நின்று பார்த்துப் போனால் போதும். அது முன்னர் ரயில் ஓடிய பாதை, 1967இல் மூடிய சின்ன ரயில். அதனால் ஏற்றம் இருந்தாலும் மூச்சு வாங்காது. இரண்டு பக்கமும் மரம். இலைகளுக்கிடையே கீழே தண்ணீர் மினுங்கும், மறையும், திரும்ப மினுங்கும். பின்னால் ஹோர்ன் அடிக்க ஆளில்லை என்று தெரிந்ததும் தோள் தானாக இறங்கியது. இருபது வருடமாய்த் தோளைத் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஏரி இயற்கையாக வந்ததல்ல. 1923இல் தொடங்கி 1930இல் முடித்த மின்சார அணை, ப்ளாவே ஆற்றை மறித்தது. ஆற்றோடு சேர்ந்து நாந்த் - பிரெஸ்ட் கால்வாயின் ஒரு துண்டும் தண்ணீருக்குள் மூழ்கியது. படகை ஏற்றி இறக்கும் கதவு மதகுகள், இங்கே எக்ளூஸ் என்பார்கள், அவற்றில் பதினேழு, காவலர் வீடுகளோடு தண்ணீருக்கடியில் இருக்கின்றன. 2015இல் அணையைப் பார்வையிட ஏரியை வற்றடித்தபோது அந்த மதகுகளும் சுவர்களும் மொட்டை மரங்களும் சேற்றிலிருந்து வெளியே வந்தன. முப்பது வருடத்துக்குப் பிறகு நடந்த வற்றடிப்பு அது. படத்தில் பார்த்தேன். கூரையில்லாத வீடுகளைக் கண்டு வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போக மனம் வரவில்லை.

போன் ரெப்போ மடாலயத்தருகே (1184இல் நிறுவியது) ரயில் பாதையை விட்டுக் கால்வாய்க் கரையில் இறங்கலாம். அங்கிருந்து குவாரெக் ஊர் வரை படகை இழுத்த குதிரைகள் நடந்த கரை, சமதரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மலைச்சரிவு. மதகுக்கு ஒரு சின்ன வீடு, வாசலில் பூச்செடி. அங்கே உள்ள விளக்கப் பலகை ஒன்றின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். ஆங்கிலேயக் கடற்படை பிரெத்தாஞ் கரையை முற்றுகையிட்டதால், கடல் பக்கம் போகாமல் பிரெஸ்ட் துறைமுகத்துக்குச் சாமான் சேர்க்க நெப்போலியன் காலத்தில் நினைத்த கால்வாய் இது. 1811இல் தொடங்கி 1842இல் முடிந்தது, 364 கிலோமீற்றர். மேற்கே க்ளோமெல் மேட்டை வெட்டியது பிரெஸ்ட் சிறைக் கைதிகள். முற்றுகையால் பிறந்த கால்வாய்! முற்றுகையால்தானே நாங்களும் சைக்கிள்காரர் ஆனோம். வேலை முடியமுன் அந்தப் போர் முடிந்துவிட்டது, பின்னர் அணை வந்து அதை இரண்டாக அறுத்தது. இன்று அதன் கரையில் குடும்பங்கள் சைக்கிள் ஓடுகின்றன. ரொஸ்கொஃபிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை போகும் 'வெலோதிசே' நெடும்பாதையின் ஒரு பகுதியும் இதுதான்.

ஏரியை முழுவதும் சுற்றிவருவோம் என்று திட்டமிட வேண்டாம். தென்கரை கெனெக்கான் காடு, ஏற்ற இறக்கம், அது நடப்பவர்களுக்கு. மூர்-து-பிரெத்தாஞ் பக்கம் தொடங்கி வடகரை வழியே போன் ரெப்போ, பின் குவாரெக், திரும்ப அதே வழி, இது போதும். பாரிசிலிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரமல்ல, இரண்டு இரவு தங்குங்கள். 'அக்கெய் வெலோ' அடையாளம் உள்ள தங்குமிடங்கள் சைக்கிள் பாதைக்கு ஐந்து கிலோமீற்றருக்குள் இருக்கும். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு மின்சார உதவிச் சைக்கிள் எடுங்கள், அதில் வெட்கம் எதற்கு? பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் 2017 முதல் சட்டம், பெரியவர்களும் போடட்டும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் சுற்றுலாக்களில் ஆண்கள் கிரிக்கெற் விளையாட, பெண்கள் அடுப்புக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கும் காவல் இருக்கிறோம். அங்கேயும் அதுவே நடக்குமானால் பஸ்ஸை எடுக்க வேண்டாம். பாணும் பழமும் வாங்கிக்கொண்டு போவோம். ஒரு நாளைக்குச் சோறில்லாமல் எவரும் இளைக்கமாட்டார்கள். பின்னால் வருபவர்களை விட்டுவிட்டு இளந்தாரிகள் பறந்துவிடவும் கூடாது. மெதுவாய் ஓடுபவர்தான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

ஓடி மறந்தவர்களுக்கும் ஓடவே பழகாதவர்களுக்கும் முதலில் பயிற்சி வேண்டும். அதற்குத் தொலைவு போகத் தேவையில்லை. லா வில்லெத்திலிருந்து பந்தான், பொபினி, பொந்தி வழியாக 'ஊர்க்' (Ourcq) என்ற கால்வாயின் கரையில் சைக்கிள் பாதை உண்டு. எங்கள் சனம் வாழும் இடங்களுக்குப் பக்கத்தில்தான். ஏப்ரலில் தொடங்கினால் யூலைக்குள் எவரும் தயாராகிவிடலாம். இரண்டு பழைய சைக்கிள் என்னிடம் இருக்கிறது, ரயரும் ரியூப்பும் புதிது போட்டுவிட்டேன். சங்கம் ஐந்தாறு சைக்கிள் ஒழுங்கு செய்தால் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பொபினிக் கரைக்கு நான் வருகிறேன். விழுந்துவிடுவோம் என்று பயப்படும் அக்காமாருக்குச் சொல்லுங்கள், சீற்றைப் பின்னால் நான் பிடித்துக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் சுற்றுலாக்களில் பல வருடம் வந்த ஓர் அம்மா